கின்னௌர், லாஹௌல்-ஸ்பிதி: இமாச்சலின் இரு எல்லை மாவட்டங்கள்

இரண்டும் 1960-ல் உருவானவை. இரண்டும் மண்டி மக்களவைத் தொகுதிக்குள் வருபவை. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் நகரம் என்று ஒன்றுகூட இல்லை. ஒற்றுமை அத்தோடு சரி.

பரப்பில் லாஹௌல்-ஸ்பிதி, கின்னௌரைப் போல இரு மடங்கு: சுமார் 13,800 சதுர கி.மீ.; கின்னௌர் 6,401. ஆட்கள் கணக்கோ நேர்மாறு: லாஹௌல்-ஸ்பிதியில் 31,564 பேர், கின்னௌரில் 84,121 பேர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2 பேர், 13 பேர்.

கின்னௌரின் தலைநகர் ரெக்காங் பியோ. நிச்சார், கல்பா, பூ என மூன்று உட்கோட்டங்களும் சட்லஜ் பள்ளத்தாக்கை ஒட்டியே அமைந்திருப்பதால் நிர்வாகம் ஒரே சாலையில் ஓடிவிடுகிறது. அந்தச் சாலையில் மண் சரிந்தால் மாவட்டமே துண்டாகிவிடும் என்பதுதான் இதன் பலவீனம்.

லாஹௌல்-ஸ்பிதியின் சிக்கல் வேறு. தலைநகர் கேலாங் லாஹௌலில் இருக்கிறது. 2020-ல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதையால் அங்கே குளிர்காலத்திலும் போக்குவரத்து சாத்தியம். ஆனால் ஸ்பிதிக்குப் போக, 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க அதைப் பனி அடைத்துவிடும். அதனால்தான் ஸ்பிதியின் தலைமை ஊரான காசாவில் தனியாகக் கூடுதல் துணை ஆணையர் (மாவட்ட ஆட்சியருக்கு அடுத்த நிலை அதிகாரி) அலுவலகம் இயங்குகிறது.

ஜனவரியில் காசா போகிறவர்கள் குன்சும் கணவாயைத் தாண்டும் மணாலி வழியை நம்ப வேண்டாம். சிம்லா, ரெக்காங் பியோ, நாகோ, சும்தோ வழியே போங்கள். ரெக்காங் பியோவுக்கும் காசாவுக்கும் இடையே பயணிக்க வெளிநாட்டவருக்கு அனுமதிச்சீட்டு கட்டாயம், இந்தியருக்குத் தேவையில்லை.