சேலத்தில் உடம்பு வலிக்கு வைத்தியம்: ஊருக்கு வந்து போகிறவர்கள் கவனிக்க

சேலத்தில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பஞ்சமில்லை. காலையில் வெறும் வயிற்றில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. உடம்பு முழுக்க மாதக்கணக்கில் வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குத் தொல்லை தொடங்குவதே அங்கேதான். இந்த நோய் இருக்கிறது என்று காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது.

"ஆர்த்ரைடிஸ் ப்ரொஃபைலும் சேர்த்து எடுத்துக்கங்க அக்கா, ஆஃபர்ல இருக்கு" என்பார்கள் லேபில். மூட்டுவாதம் போன்ற நோய்களைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ., யூரிக் ஆசிட் எல்லாம் அதில் வரும். மூட்டில் வீக்கமே இல்லாதவருக்கு இவை லேசாகக் கூடியிருந்தால் பெரும்பாலும் பொருளில்லை, நோயில்லாத சிலருக்கும் அப்படி வருவதுண்டு. ஆனால் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகிவிட்டால் 'வாதம்' என்று பெயர் விழுந்துவிடும், அடுத்தது ஸ்டீராய்டு. இந்த வலிக்கு ஸ்டீராய்டு பயன்படாது. கேட்டு எடுக்க வேண்டியவை சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சிக்கு), டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கு), சி.கே. (தசைக்கு), வைட்டமின் டி. தைராய்டு குறைவு, தசை அழற்சி, வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு நோவு இவையெல்லாம் இதே முகமூடியோடு வரும், அவற்றை விலக்கத்தான் இத்தனையும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் தசைவலி தரும். வைட்டமின் டி அளவைப் பார்க்காமலே 6 லட்சம் யூனிட் ஊசி போட வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடம். ஆகவே எழுதிக்கொண்டு போவது நல்லது. உடம்பில் 19 இடங்களில் கடந்த ஒரு வாரத்தில் எங்கெங்கே வலித்தது, எத்தனை மாதமாக (3 மாதம் தாண்டியிருக்க வேண்டும்), எட்டு மணி நேரம் படுத்தும் அடித்துப் போட்டதுபோல் எழுந்திருக்கிறீர்களா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிற மந்தம் உண்டா, தலைவலி, வயிற்றுக் கோளாறு உண்டா. சில டாக்டர்கள் இன்னும் 1990-ஆம் ஆண்டு முறைப்படி 18 புள்ளிகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். அழுத்துகிறவரின் நகம் வெளுக்கும் அளவு, சுமார் 4 கிலோ. 2010-இல் வந்த வரையறை அதைக் கைவிட்டுவிட்டது, வலியின் பரப்பையும் தூக்கம், அசதி, மறதியையும்தான் எண்ணுகிறது.

அந்த 4 கிலோவே தாங்காத உடம்பை, சுளுக்கு எடுக்கிறேன் என்று முழங்கையால் அழுத்தினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. தசையில் பழுதில்லை. வலியை வாங்கி அனுப்பும் நரம்பு மண்டலம் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. இளஞ்சூட்டுத் தைலம், மெதுவான தடவல் போதும். பிசியோதெரபியில் லேசான மின்னோட்டம் தரும் ஐ.எஃப்.டி. பட்டைகளை ஒட்டிப் படுக்க வைப்பதும் மெழுகு ஒத்தடமும் சில மணி நேர சுகம். காசு கொடுத்துக் கேட்க வேண்டியது பயிற்சி அட்டவணை. மொட்டை மாடியில் காலை 10 நிமிட நடை, நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுவது. ஐரோப்பிய வாதநோய் சங்கங்களின் கூட்டமைப்பு 2017-இல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான்.

மெடிக்கலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இந்த வலிக்கு எழுதித்தரும் பிரிகாபாலின் 75 கேட்டால் நார்ட்ரிப்டிலின் 10 (மனச்சோர்வு மருந்து வகை) கலந்ததும், மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12) கலந்ததும் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று வரும். இதே வலிக்கு ஏற்கெனவே டுலாக்ஸெட்டினோ அமிட்ரிப்டிலினோ சாப்பிடுகிறவருக்கு அந்த நார்ட்ரிப்டிலின் கூடுதல் சுமை: வாய் வறட்சி, தலைசுற்றல், படபடப்பு. டுலாக்ஸெட்டினோடு டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்வது அதைவிட ஆபத்து. வெளிநாட்டுக்குத் திரும்பும்போது டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயரும் இருக்கட்டும். பிரிட்டனில் 2019 முதல் பிரிகாபாலின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அமீரகத்துக்குப் போகிறவர்கள் முன் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் மேல் வலியைக் கிளப்புவது பயணம்தான். 1975-இல் கனடாவில் மால்டோஃப்ஸ்கி குழு வெளியிட்ட ஆய்வில், நல்ல உடம்புக்காரர்களை ஆழ்ந்த தூக்கத்தில் மட்டும் விடாமல் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசைவலி வந்தது. நேர மாற்றம், முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கு எழுவது, சித்திரை வெயிலில் இரவு மின்தடை எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. வந்த முதல் நான்கு நாள் ஏற்காடு வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வலி அடுத்த நாள்தான் தெரியும். பஸ்ஸானால் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டைத் தவிர்த்து முன்பக்கம் உட்காருங்கள். காரானால் பாதியில் ஒருமுறை இறங்கி நில்லுங்கள். மேலே ஒரு ராத்திரி தங்கினால் நல்லது, ஒரே நாளில் ஏறி, ஏரி, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் பார்த்து இறங்குவது இந்த உடம்புக்கு ஆகாது. மறுநாளைக்கு யார் வீட்டு விருந்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.