மனநலச் சந்தா செயலி: தெரபிஸ்டுக்கு முழு மார்க், மற்றதற்கெல்லாம் பாதிகூடக் கிடையாது

மாதச் சந்தா கட்டினால் தெரபிஸ்ட், மனநல மருத்துவர், எந்நேரமும் பேச ஒரு ஏஐ சாட், மூன்றும் ஒரே செயலியில் தருகிறோம் என்கிற சேவை ஒன்றைச் சில மாதங்கள் பயன்படுத்தினேன். தூக்கம் சுத்தமாகக் கெட்டு, காரணம் தெரியாத படபடப்பு விடாமல் இருந்த காலம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே அமைப்பில் நடக்கும் சேவைகள் நிறைய இருக்கின்றன, சேரப் போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். எனக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அது முழுக்க ஒரு தெரபிஸ்டின் வேலை. செயலி அந்த வேலைக்கு வழிவிட்டது சில இடங்களில்தான், மற்ற இடங்களில் குறுக்கே நின்றது.

சேரும்போது முதலில் வருவது பிஎச்க்யூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். 2001-இல் வெளியானது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நல்ல கருவிதான். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தமே தவிர, அதுவே நோய் முடிவாகிவிடாது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் அதே களைப்பும் அதே சோர்வும் வரும், ஸ்கோர் ஏறத்தான் செய்யும். இங்கே கடைசிக் கேள்வியைத் தொட்டு முடித்த உடனே "உங்களுக்கு மிதமான மனச்சோர்வு" என்று திரையில் வந்துவிடுகிறது, எந்த மனிதரும் ஒரு வார்த்தை பேசாமலே.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது 9-வது கேள்வி விஷயத்தில். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்று கேட்பது அது. சில நாட்கள் அப்படித் தோன்றியிருந்தது, அதனால் உள்ளபடி 1 போட்டேன். ஒரு உதவி எண் வந்தது, கீழே "தொடரவும்" பொத்தான், அதை அழுத்தினால் பணம் கட்டும் பக்கம். அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் ஒரு மனிதர் பேச வேண்டும், அன்றைக்கே பேச வேண்டும். பேச ஆளில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்க இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, தெரபிஸ்டுக்கு வருகிறேன். "உங்களுக்குப் பொருத்தமானவர்" என்று செயலி முதலில் கொடுத்தவர் நான் பாதி சொல்வதற்குள் அறிவுரையை ஆரம்பித்துவிடுவார். மாற்றுவது மட்டும் இங்கே ரொம்பச் சுலபம், காரணம்கூடக் கேட்கவில்லை, இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஒத்துவராத தெரபிஸ்டிடம் சங்கடத்துக்காகவே தொடர்ந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் எழுதியது இன்னும் இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று: இருவருக்கும் நடுவில் உள்ள பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை உறவு. எந்த வகைத் தெரபியாக இருந்தாலும், இந்த உறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

இரண்டாவதாக வந்தவரிடம் அந்த மூன்றையும் கண்ணால் பார்த்தேன். முதல் சந்திப்பிலேயே, நான் சொல்வதில் எதெல்லாம் ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் எதை வெளியே சொல்ல வேண்டிவரும் என்று தெளிவாகச் சொன்னார். அப்புறம் 9-வது கேள்வியை எடுத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, அதற்குத் திட்டம் ஏதாவது யோசித்தீர்களா என்று நேரடியாகக் கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தவறு என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம், எனக்கோ யாரோ கேட்டுவிட்டார்களே என்று நெஞ்சு லேசானது. தூக்கத்துக்கு அவர் எடுத்தது சிபிடி-ஐ என்ற முறை, அதாவது தூக்கமின்மைக்கான, மாத்திரை இல்லாத சிந்தனை-நடத்தை சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது. தினமும் தூக்கக் குறிப்பு எழுத வேண்டும், உண்மையில் தூங்கும் நேரத்தை ஒட்டிப் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும், காலையில் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும். ஆரம்ப வாரங்கள் கொடுமையாக இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார், அப்படியேதான் இருந்தது, அதன் பிறகு தூக்கம் திரும்பியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை செயலியில் அறிவிப்பு: "உங்களுக்குப் புதிய தெரபிஸ்ட் நியமிக்கப்பட்டுள்ளார்." அவ்வளவுதான். பழையவர் தளத்தை விட்டுப் போய்விட்டாராம், அவருக்கு ஒரு செய்தி அனுப்பக்கூட வழி இல்லை. இந்தத் தளங்களில் தெரபிஸ்டுகள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள், போவதற்கு அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் முடித்துக்கொள்வதும் தெரபியின் ஒரு பகுதி. எதுவரை வந்தோம், மறுபடி மோசமானால் என்ன செய்வது என்று பேசி முடிக்கக் கடைசியாக ஒரு சந்திப்பு வேண்டும். நெருங்கியவர்கள் சொல்லாமல் போய்விடுவார்கள் என்பதே பயமாக உள்ள ஒருவருக்கு இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நிறுவனத்தில் ஒருவர்கூட யோசிக்கவில்லை போலிருக்கிறது. என் குறிப்புகளும் புதியவருக்குப் போய்ச் சேரவில்லை, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

மனநல மருத்துவருக்கு 15 நிமிடம்தான். அந்த நேரத்தை அவர் நன்றாகவே பயன்படுத்தினார் என்று சொல்ல வேண்டும். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த நாட்கள் எப்போதாவது உண்டா என்று கேட்டார், ஏனென்றால் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த அதீத உற்சாகத்தின் பக்கம் தூக்கிவிடக்கூடும். தைராய்டு பரிசோதனை எழுதினார். எழுதிக்கொடுத்த எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் வயிறு சரியிருக்காது, தாம்பத்தியத்திலும் மாற்றம் தெரியலாம் என்று தயங்காமல் சொன்னார்.

விட்டுப்போனது, மாத்திரையை எப்படி நிறுத்துவது என்ற பேச்சு. அடுத்த முறை வேறொரு மருத்துவர் வந்தார், ஸ்கோரைப் பார்த்து "குறைந்திருக்கிறது, தொடருங்கள்" என்று முடித்துவிட்டார். இந்த மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு, எரிச்சல், கனவுகள் எல்லாம் வரலாம், நோய்தான் திரும்பிவிட்டது என்று தவறாக நினைத்து வாழ்நாள் முழுக்க விழுங்குகிறவர்களும் உண்டு. குறைந்த டோஸிலேயே மூளையில் மருந்தின் விளைவு பெரும்பகுதி வந்துவிடுகிறது, அதனால் கடைசிக்கட்டத்தில் மிகச் சிறிய படிகளாகக் குறைக்க வேண்டும் என்று ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் விளக்கியிருக்கிறார்கள். இங்கேயோ சந்தாவை நிறுத்தினால் மருந்துச்சீட்டும் அதோடு நின்றுவிடும். ரத்து செய்யும் பக்கத்தில் தள்ளுபடி தருகிறேன் என்று வருகிறது, மாத்திரையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி கிடையாது. இந்தச் சேவையில் நான் பார்த்த மிக ஆபத்தான ஓட்டை இதுதான்.

ஏஐ சாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நடு ராத்திரியில் பேச ஏதோ ஒன்று இருப்பது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும் ஆமோதிக்கிறது. அலுவலகக் கூட்டத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது, விட்டுவிடவா என்றால் "உங்கள் மன அமைதிதான் முக்கியம்" என்கிறது. பதற்றம் இப்படித் தவிர்த்துத் தவிர்த்துத்தான் வளரும், தெரபிஸ்டாக இருந்தால் போய் உட்காருவதற்கு வழி சொல்லியிருப்பார். 2023-இல் அமெரிக்காவில் உணவுக்கோளாறு உள்ளவர்களுக்காக இயங்கிய டெஸ்ஸா என்ற சாட்பாட் எடை குறைக்கக் குறிப்புகள் கொடுத்து, அதை நிறுத்த வேண்டி வந்தது.

கடைசியாக, நம் தகவல். பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நான் பயன்படுத்தியது அந்த நிறுவனம் இல்லை, இருந்தாலும் அதைப் படித்த பிறகு இங்கே அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன், விளம்பரக் கண்காணிப்பு தானாகவே இயக்கத்தில் இருந்தது. சேர்ந்தால் முதல் வேலையாக அதை அணையுங்கள்.

5-க்கு 2 கொடுக்கிறேன், இரண்டும் அந்தத் தெரபிஸ்டுக்காக. பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றுக்கு, பக்கத்தில் ஆள் கிடைக்காதவர்கள் முயன்று பார்க்கலாம். சேருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தெரபிஸ்ட் விலகினால் கடைசிச் சந்திப்பு உண்டா, என் குறிப்புகளை நான் எடுத்துப்போக முடியுமா, சந்தா முடிந்தால் மாத்திரைக்கு யார் பொறுப்பு. சாக வேண்டும் என்ற எண்ணம் பலமாக இருந்தால் எந்தச் செயலியையும் நம்பிக் காத்திருக்காதீர்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நான் இப்போது நேரில் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் மாறிவிட்டேன், அவர் எழுதிக்கொடுத்த அட்டவணைப்படி டோஸைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.