மஞ்சள் மணி பிளான்ட்டா, மார்பிள் குயினா?

நர்சரியில் இரண்டும் அடுத்தடுத்துத் தொங்கினால் கை மார்பிள் குயினுக்குத்தான் நீளும். பால் தெளித்ததுபோல் வெள்ளை ஓடிய இலை அது. பக்கத்தில் மஞ்சள் தீற்றிய மணி பிளான்ட் எடுபடாது. மதுரை வில்லாபுரத்து வீட்டில் இரண்டையும் நான்கு வருடங்களாக வளர்க்கிறேன். கூடத்துச் சுவரில் தொங்கவிட ஒன்றுதான் வேண்டுமென்றால் மஞ்சளையே வாங்குங்கள்.

இரண்டும் மணி பிளான்ட் வகைதான், எபிபிரெம்னம் ஆரியம் என்ற ஒரே இனம். மார்பிள் குயினின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பாதி இலை உழைத்து முழு இலைக்கும் சோறு போடுகிறது. அதனால் மெல்ல வளரும், வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். இருட்டு மூலையில் புது இலைகள் பச்சையாகவே விரியும். மஞ்சளுக்கும் அங்கே வரி மங்கும், ஆனாலும் கொடி ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் வேண்டுமே என்று மேற்கு ஜன்னலில் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். அக்னி நட்சத்திர வெயில் பட்ட இடத்தில் வெள்ளை மட்டும் அப்பளம்போல் காய்ந்து, தொட்டதும் நொறுங்கியது. அதே இலையின் பச்சைத் திட்டு உயிரோடு இருந்தது! பக்கத்திலிருந்த மஞ்சள் செடி சற்று வெளிறியதோடு தப்பியது.

அடுத்த எதிரி போர் தண்ணீர். எங்கள் தெருவில் அது உப்பு. மானாமதுரை மண்தொட்டியின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிகிறது, இலை நுனியும் பழுப்பாகிறது. வெள்ளை இலையில் அந்தப் பழுப்பு பளிச்சென்று தெரியும். மழைநீர் பிடித்து ஊற்றுவது உத்தமம். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வழிய வழிய ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். தென்னை நார்த்தூளிலும் உப்பு இருக்கும், அலசிய பிறகே மண்ணில் கலக்க வேண்டும். மற்ற நாட்களில் மேல்மண் விரல் ஆழம் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

கத்தரிக்கோலும் மார்பிள் குயினுக்கே அதிகம் தேவை. முழு வெள்ளையோ முழுப் பச்சையோ தொடர்ந்து வந்தால், இரண்டும் கலந்த கடைசி இலையின் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து கலந்த நிறத்தில் துளிர்க்க வாய்ப்பு அதிகம்.

ஊதா வரி ஓடிய டிரடெஸ்கான்ஷியா என்ற இன்னொரு தொங்குசெடி வேகத்தில் இரண்டையும் மிஞ்சும். ஆனால் சில மாதங்களிலேயே அடித்தண்டு மொட்டையாகிவிடும், கிள்ளிக் கிள்ளி மறுபடி நட வேண்டும்.

குழந்தையோ பூனையோ இருந்தால் எதையும் உயரத்தில் கட்டுங்கள். மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாய் எரியும்.

மார்பிள் குயின் இப்போது வடக்கு ஜன்னலில் இருக்கிறது. ஒரு முழம்தான் இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு இலையும் ஒரு கோலம். மஞ்சள் கொடி கூடத்தைச் சுற்றிச் சமையலறை வாசலைத் தொட்டுவிட்டது.