உப்புவெளியில் மாடிச் சுவர் கட்டிய மேசன்: வேலை நல்லது, ஏணி மோசம்

உப்புவெளியில் எங்கள் பழைய சிலாப் வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டக் கொடுத்தோம். குறையும் சொல்லப்போவதால் மேசன் பெயரைப் போடவில்லை.

வேலை உறுதி. சீமெந்துக் கல்லுக்கு நடுவே ஆறடிக்கு ஒரு தூண் எழுப்பி, கடல் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்காதபடி கொங்கிரீட்டைத் தடிப்பாகவே போட்டார், மழைத்தண்ணி ஓடக் குழாயும் மறக்கவில்லை. பூச்சுதான் சுமார், கிட்டப்போய்ப் பார்த்தால் அலை அலையாக இருக்கிறது.

ஆனால் தொடக்கத்தில் அவர் இரண்டு கல் உயரம் போதும் என்றார். மாடியில் மிளகாய், கருவாடு காயவைப்போம், பிள்ளைகள் பட்டம் விட ஏறுவார்கள், மூன்றடியாவது வேண்டும் என்றேன். "விழ விதியிருந்தா சுவர் இருந்தாலும் விழத்தானே செய்வான் அண்ணன்" என்றார். நம் ஊரில் இந்த ஒரு வசனத்தால் எத்தனை கிணறு கட்டில்லாமல் கிடக்கிறது!

இதே கதையை யூத ரபிமார், அதாவது அவர்களுடைய மத அறிஞர்கள், எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்பது யூத வேதமான தோராவின் கட்டளை, உபாகமம் 22:8. கம்பளியும் சணல்நூலும் கலந்த உடுப்பு உடுத்தாதே என்பதுபோல தோராவின் 613 கட்டளைகளில் காரணம் சொல்லாதவையும் உண்டு, அவற்றுக்குக் காரணம் தேடலாமா என்றே பெரிய வாதம் நடந்திருக்கிறது. இதற்கு அந்தப் பிரச்சினை இல்லை, காரணம் அந்த வசனத்திலேயே இருக்கிறது. அப்புறம் ரபிமாரின் வாதங்களைத் தொகுத்த நூலான தல்மூத் நம் மேசனின் வாதத்தையே எடுக்கிறது: விழப்போகிறவன் விழுவான் என்பது படைப்பின் ஆறு நாளிலேயே எழுதப்பட்டிருக்கலாம், ஆனாலும் நன்மை நல்லவன் கையால் வரும், தீமை குற்றவாளி கையால் வரும். அவன் விதி அவனோடு, அது உன் வீட்டு விளிம்பில் நடக்க நீ ஏன் இடம் கொடுக்கிறாய் என்பதுதான் கேள்வி.

12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் அளவே எழுதி வைத்தார். நாலு விரல் அகலத்தைப்போல பத்து மடங்கு உயரம், அதாவது கிட்டத்தட்ட மூன்றடி, ஒருவர் சாய்ந்தாலும் விழாத பலம். ஆள் குடியிருக்காத களஞ்சியத்துக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் தேவையில்லை, கிணற்றுக்குக் கட்டோ மூடியோ வேண்டும். அயலவன்மேல் அன்பாயிரு என்று சொல்லிவிட்டுப் போவது லேசு, அந்த அன்பு எத்தனை விரல் உயரம் என்று எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. இதையெல்லாம் சொன்னதும் மேசன் சிரித்துவிட்டு மூன்றடிக்குச் சம்மதித்தார், கல்லுக்குக் காசு கூடத்தான் கேட்டார், அது சரி.

இனிக் குறை. அவர் கொண்டுவந்த ஏணியில் ஒரு படி கயிற்றால் கட்டியிருந்தது, கையாள் பொடியன் தலையில் சாந்துச் சட்டியோடு அதில்தான் ஏறினான். கடிநாய் வளர்க்காதே, ஆட்டமான ஏணியை வீட்டில் நிறுத்தாதே என்று அதே உபாகம வசனத்திலிருந்துதான் தல்மூத்தில் வரும் ரபி நாத்தான் சட்டம் எடுத்தார். எங்கள் ஏணியைக் கொடுத்துத்தான் மிச்ச வேலை நடந்தது.

கூலி விஷயத்தில் ஆள் நேர்மை, பொடியன்களுக்குப் பொழுதுபடமுன் அன்றன்றைக்கே கொடுத்தார். கூப்பிடுகிறவர்கள் உயரத்தை முதலே எழுதி வாங்குங்கள், ஏணியையும் பாருங்கள், மாரி மழைக்கு முன்னமே பிடியுங்கள், பிறகு ஆள் கிடைக்கமாட்டார்.