குரோஷா பொம்மை கிட்: மாசமாக இருப்பவர்கள் வாங்கலாமா?

குரோஷா என்றால் கொக்கி முனை ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை. ஆன்லைனில் 'குரோஷா ஸ்டார்ட்டர் கிட்' என்று தேடினால் ஒரே மாதிரிப் பத்துப் பதினைந்து வந்து நிற்கும். ஜிப் வைத்த பை, உள்ளே 12 அலுமினிய ஊசி, 20 கிராம் நூல் உருண்டைகள் எட்டோ பத்தோ, பிளாஸ்டிக் கண்கள், கொஞ்சம் பஞ்சு, வரிசை தொடங்கும் கண்ணியில் அடையாளத்துக்கு மாட்டும் மார்க்கர், ஆங்கிலத்தில் ஒரு செய்முறைத் தாள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதிகம் மாறாது. குழந்தை பிறப்பதற்குள் வீட்டிலிருந்தே பொம்மை பின்னி விற்கலாம் என்று காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாராவது தொடங்கினால் முதலில் கைக்கு வருவது இதுதான்.

கை பழகுவதற்கு மட்டும் என்றால் வாங்கலாம். விற்பதற்கு என்றால் வேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து பின்னி விற்பதற்கு என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும் மார்க்கருக்கும் வளைந்த முனை உள்ள தையல் ஊசிக்கும் மட்டுமே.

முதல் குறை குரோஷா ஊசி. 12 அளவு எதற்கு? பொம்மைக்கு வேண்டியது இரண்டுதான்: 5 பிளை (ஐந்து இழை) மில்க் காட்டன் நூலுக்கு 2.5 மி.மீ., கை இறுக்கமாகப் பின்னுபவர்களுக்கு 3 மி.மீ. கிட்டில் வரும் ஊசியின் பிடி பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 கண்ணி, அடுத்தடுத்த வரிசைகளில் 12, 18, 24, 30, 36 என்று ஏற்றி, 36-லேயே இன்னும் 6 வரிசை போட்டு, 30, 24, 18, 12, 6 என்று இறக்கினால் ஐந்தாறு செ.மீ. குறுக்களவில் ஒரு தலை வரும். அதில் மட்டும் 432 கண்ணி. உடம்பு, கை, கால், காது எல்லாம் சேர்ந்தால் 15 செ.மீ. முயல் ஒன்றுக்கு 1,300 தாண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் மணிக்கட்டு இரண்டு முறை திரும்புகிறது.

சாதாரண நாளில் இது வெறும் அலுப்பு. கர்ப்பகாலத்தில், அதுவும் கடைசி மூன்று மாதத்தில், உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என்று மரத்துப்போகும். ராத்திரியில் ஊசி குத்துவதுபோல் எழுப்பிவிடும். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணிந்துவிடும். ஆனால் மரத்த கையோடு மெல்லிய பிடியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் நோவு ஏறத்தான் செய்யும். ராத்திரி மணிக்கட்டு நேராக இருக்கும்படி ஸ்ப்லின்ட் (மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் பட்டை) கட்டிக்கொள்ளலாமா என்று செக்கப்புக்குப் போகும்போது கேளுங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்து வந்தால் அது பின்னல் வலி இல்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அதனால் கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கை ஒரே ஒரு நல்ல ஊசியில் போடுங்கள். குளோவர் அமூர், டூலிப் எட்டிமோ இரண்டுக்கும் மெத்தென்ற தடித்த பிடி. அளவுக்கு ஒன்றாகத் தனியாகவே கிடைக்கும். அந்த விலை கட்டாது என்றால் போனி அலுமினிய ஊசி 2.5 ஒன்று வாங்கி, ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் ஸ்பாஞ்ச் பென்சில் கிரிப்பை அதில் ஏற்றுங்கள். கிரிப் வழுக்கினால் உள்ளே துணி பேண்டேஜ் ஒரு சுற்று. பென்சில் மாதிரிப் பிடிப்பவர்கள் நடுநடுவே கத்தி பிடிப்பதுபோல் மாற்றிப் பிடித்தால் பாரம் விரலிலிருந்து உள்ளங்கைக்குப் போகும். நூலை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வீங்கிய விரலில் அது கயிறு கட்டிய மாதிரி. மோதிரத்தை ஆறாம் மாதமே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நடை நடக்க வேண்டும். வளவுத் திண்ணையில் வெளிச்சம் அருமையாக வரும், கண்ணுக்கு நல்லது. ஆனால் சாய்மானமில்லாமல் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னுவது ஏழாம் மாதத்துக்கு மேல் இடுப்புக்கு ஆகாது. கை வைத்த நாற்காலி, இரண்டு முழங்கைக்கு அடியிலும் சின்னத் தலையணை, காலுக்கு மணை.

அடுத்தது நூல். கிட்டில் வரும் 20 கிராம் உருண்டை ஏறக்குறைய 45 மீட்டர் ஓடும். மேலே சொன்ன முயலுக்கு ஒரு நிறத்தில் 20 முதல் 25 கிராம் வேண்டும். அதாவது இரண்டாவது காதில் நூல் தீரும். தீர்ந்த நிறத்தைத் தனியாக வாங்கவும் வழியில்லை. தனியாகக் கிடைத்தாலும் சாய லாட் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதி) மாறி, ஒரு காது வெளுத்துத் தெரியும். விற்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஒரே நிறத்தில் 50 கிராம் உருண்டைகளாக, ஒரே லாட்டில் நாலைந்து சேர்த்து வாங்குங்கள். தொடங்கும் முன் சமையல் தராசில் உருண்டையை நிறுத்து, முடித்த பிறகும் நிறுத்து எழுதி வையுங்கள். விலை போடும்போது அந்த எண்தான் கைகொடுக்கும்.

எந்த நூல்? தையல் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைப்பது அக்ரிலிக் உல்லன். விலை குறைவு, நிறம் நிறைய, ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்த கையில் அது ஊசியோடு ஒட்டிக் கிறீச்சிடும். நாலைந்து முறை துவைத்தால் மேலே பிசிறு உருளும். சுத்தப் பருத்தி வழவழப்பு, துவைக்கலாம், குழந்தை வாயில் வைக்கலாம். ஆனால் இழுவை இல்லாததால் கைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மில்க் காட்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாசமாக இருப்பவர்களுக்கு எங்கள் சிபாரிசு அதுதான்.

வெல்வெட் நூலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போட்டோவில் அதைப்போல் அழகு வேறு எதுவும் இல்லை, வாங்குபவர்களும் அதையே கேட்பார்கள். ஆனால் கண்ணி கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துப்போகும் விரலுக்கு அது கொடுமை. மேஜிக் ரிங்கை இறுக்கும்போது நடு இழை அறுந்து பொலபொலவென்று உதிரும். ரிங்குக்குப் பதில் இரண்டு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு முதல் செயினில் ஆறு கண்ணி எடுத்தால் அறுவதைத் தவிர்க்கலாம், வெட்டிய முனையிலிருந்து பஞ்சு உதிர்வதைத் தவிர்க்க முடியாது. கைக்குழந்தைப் பொம்மைக்கு வேண்டவே வேண்டாம்.

கண்டாங்கிச் சேலையின் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு மூன்றையும் வைத்துப் பின்னிய யானையும் காளையும் இந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும். ஆனால் அரக்கும் கறுப்பும் சாயம் விடும் நிறங்கள். நூலில் ஒரு முழம் நனைத்து வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்துப் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். கறை பட்டால் அந்த உருண்டையைக் குழந்தைப் பொம்மைக்கு எடுக்காதீர்கள். வினிகரில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். பருத்திச் சாயத்துக்கு அதை நம்ப முடியாது.

நூலைப் பெட்டியில் வைக்கும்போது பாச்சை உருண்டை போடாதீர்கள். அதில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிறந்த குழந்தைகளுக்கு ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். உங்கள் பிள்ளைக்கும் ஆகாது, வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கும் ஆகாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

கிட்டின் பஞ்சு கட்டி கட்டியாக இருக்கும். அப்படியே திணித்தால் தலை மேடுபள்ளமாகிவிடும். விரலால் பிய்த்து உதறி, புளியங்கொட்டை அளவு எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு நிரப்ப வேண்டும். மிஞ்சித் திணித்தால் கண்ணி விரிந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். தனியாக வாங்குவதானால் பாலியஸ்டர் ஃபைபர் தலையணை ஒன்றைப் புதிதாக வாங்கிப் பிரிப்பதுதான் சிக்கனம். அரைக்கிலோவில், பொம்மைக்கு 20 கிராம் வீதம் 25 பொம்மை. வீட்டில் மெத்தைக்கு வாங்கிய இலவம்பஞ்சு மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். துவைத்தால் கட்டிவிடும், அடைக்கும்போது தூசி மூச்சில் ஏறும்.

கண்களில்தான் கிட் உண்மையிலேயே தப்பு செய்கிறது. வாஷர் வைத்த 'சேஃப்டி கண்' என்று எழுதியிருக்கும். வாஷர் கழலாது என்றே வைத்துக்கொண்டாலும், பின்னல் விரிந்து கண் முழுசாக வெளியே வரும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வாயில் போட்டுக்கொள்ளக் கூடியது எதுவும் தனியாகக் கழன்று வரக் கூடாது. பொம்மைப் பாதுகாப்புத் தரங்களில் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் ஆபத்து. பாம்பாம் (நூல் குஞ்ச உருண்டை), ஒட்டிய மூக்கு, மணி, பட்டன் எல்லாம் இதில் சேரும். கறுப்பு எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையில், தலையின் நடு வரிசைகளில், ஏழு கண்ணி இடைவெளி விட்டு, ஒரே இடத்தில் நாலு முறை குறுக்குத் தையல் போட்டால் கண் தயார். பஞ்சு அடைப்பதற்கு முன்பே போட்டு, முடிச்சை உள்பக்கம் விடுங்கள்.

செய்முறைத் தாள் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று பல கிட்டுகளில் எழுதியிருக்காது. அமெரிக்கர் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர் டபுள் குரோஷா என்கிறார்கள். தாளில் எங்காவது 'எஸ்.சி.' என்று இருந்தால் அது அமெரிக்க முறை. இல்லாமல் 'டி.சி.' மட்டும் இருந்து, பொம்மை பெரிய ஓட்டைகளோடு வந்தால் முறை மாறிவிட்டது என்று அர்த்தம். இறக்கும் வரிசைகளில் இரண்டு கண்ணியின் முன் இழையை மட்டும் எடுத்துச் சேர்த்தால் ஓட்டை விழாது. இந்த ஒரு வரி எத்தனையோ தாள்களில் இல்லை.

விற்பனைக்கு வருவோம். பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு 2020 டிசம்பரில் வந்த திருத்தம் விலக்கு தருகிறது. ஆகவே கைவினைஞர் அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள், வயிறு பெரிதாகி அலைய முடியாமல் போவதற்குள். புவிசார் குறியீட்டின் கீழ் பதிவு பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு என்பதால் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். கண்டாங்கிக்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் (பனையோலைக் கூடை) குறியீடு இருக்கிறது. கண்டாங்கித் துணி உடுத்திய, கொட்டானில் வைத்த குரோஷா பொம்மைக்கு அது ஒட்டாது.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. 50 கிராம் நூல் 80 ரூபாய் என்றால் கழிவு சேர்த்து 30 கிராமுக்கு 48. பஞ்சு 6, கண் நூல் 2, பையும் சீட்டும் 15. ஆக 71. நிமிடத்துக்கு 12 கண்ணி போட்டால் பின்னல் மட்டும் இரண்டு மணி நேரம் நெருங்கும், பஞ்சு அடைத்துக் கை கால் தைத்து முடிக்க இன்னும் இரண்டு. மணிக்கு 70 ரூபாய் கூலி வைத்தாலும் 280. ஆக 351. 'உல்லன்தானே' என்று 150-க்குக் கேட்பவர்களுக்கு விற்காதீர்கள். வேண்டுமானால் அவர்களுக்கு ஒரே துண்டாகப் பின்னும் சின்ன மீன் காட்டுங்கள். தைக்கும் வேலை இல்லாததால் அதைக் குறைத்துத் தர முடியும்.

வளைகாப்பு வீட்டுக்கு மொத்தமாகக் கொடுப்பதானால் கொட்டானில் வைத்துக் கொடுப்பது கண்ணுக்கு நிறைவு. கூரியரில் அனுப்ப அது சரிப்படாது. பொம்மையின் எடை 50 கிராம்தான், ஆனால் கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதை எடையாகப் பிடிப்பது வழக்கம். 20, 15, 12 அளவுப் பெட்டி என்றால் 720 கிராம். துணிப்பையில் போட்டு, தண்ணீர் புகாத கவரில் வைத்து அனுப்புங்கள். புக் செய்யும் முன் எந்தக் கணக்கில் எடை பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

தேதி குறித்த ஆர்டரை எட்டாம் மாதம் தொடங்கியதும் நிறுத்திவிடுவது எங்கள் கருத்து. முன்பணம் வாங்கிய ஆர்டர் கையில் இருக்க வலி எடுத்தால் பணத்தைத் திருப்பும் வேலையும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு பின்ன ஆசை இருந்தால் காது, கை, கால் போன்ற சின்னத் துண்டுகளை மட்டும் ஒரே நிறத்தில் பின்னி, தைப்பதற்கு ஒரு சாண் நூல் விட்டு, வரிசை எண் எழுதிய சீட்டோடு கவரில் போட்டு வையுங்கள். தலையும் உடம்பும் பிள்ளை பிறந்து, கை வீக்கம் வடிந்த பிறகு.