ஒன்றரைக் கிலோ லென்ஸுக்கு முட்டுக் கொடுக்க

மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று வீடியோ எடுப்பவன் நான். கேமரா சோனி எஃப்எஸ்7. 2014இல் அறிமுகமான மாடல், இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. அதில் அடாப்டர் வைத்து, கேனான் மவுண்டுக்கு, அதாவது கேனான் கேமராவில் லென்ஸ் பூட்டும் வாய்க்கு, வந்த சிக்மா 50–100 எஃப் 1.8 லென்ஸை மாட்டியிருக்கிறேன். லென்ஸ் மட்டுமே கிட்டத்தட்ட 1.5 கிலோ. அதற்கு முட்டுக் கொடுக்க, கேமராவுக்கு அடியிலிருந்து முன்னால் நீளும் 15 மி.மீ. ராடில் ஏற்றும் லென்ஸ் சப்போர்ட் ஒன்றைப் போன வருடம் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் நான் பார்த்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான்.

வாங்க வைத்தது ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். பெண்ணின் முகத்திலிருந்து அவர் விரலுக்கு ஃபோகஸை மாற்றுகிறேன். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைப் பல்சக்கரத்தால் சுற்றும் ஃபாலோ ஃபோகஸைத் திருப்பிய அந்த நொடியில் படம் முழுவதும் பக்கவாட்டில் லேசாகத் துள்ளியது. இரவு வீட்டில் பெரிய மானிட்டரில் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. அந்தத் தருணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

காரணம் மவுண்டில்தான் இருந்தது. சோனி இ மவுண்டில் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 18 மி.மீ., கேனான் ஈஎஃப்பில் 44 மி.மீ. அந்த 26 மி.மீட்டரைத்தான் அடாப்டர் நிரப்புகிறது. ஆக, கேமராவுக்கும் அடாப்டருக்கும் ஒரு மூட்டு, அடாப்டருக்கும் லென்ஸுக்கும் இன்னொரு மூட்டு. இரண்டுமே ஸ்பிரிங் இழுப்பில் நிற்பவை. பூட்டும் பின்னுக்கும் அதன் குழிக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் இருக்கும். ஃபோகஸ் வளையத்தைப் பல்சக்கரம் தள்ளும்போது லென்ஸ் அந்த இடைவெளியில் அசைகிறது. போதாததற்கு முன்பாரம் கீழே இழுக்க, மேல்பக்கம் இம்மியளவு திறக்கிறது. லென்ஸை முழுக்கத் திறந்து 1.8இல் எடுக்கும்போது ஃபோகஸ் நிற்கும் ஆழம் குறைவு, அதனால் அந்தச் சாய்வே படத்தின் மேல் ஓரத்தையோ கீழ் ஓரத்தையோ மங்கலாக்கப் போதும். சினிமாக்காரர்களின் பிஎல் மவுண்டில் வளையத்தைத் திருகி இறுக்குவதால் பிடிப்பு அதிகம். அப்படியிருந்தும் கேனானின் 50–1000 போன்ற 6.6 கிலோ லென்ஸைத் தாங்கி இல்லாமல் யாரும் மாட்ட மாட்டார்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன். இரண்டு ராடையும் பிடிக்கும் அலுமினியக் கட்டை, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் தலையில் ஒய் வடிவக் கவை. கவையைக் கழற்றினால் கால் இன்ச் ஸ்க்ரூ வைக்கலாம். ராடுகளின் மையத்துக்கு மையம் 60 மி.மீ. இருக்கிற, லைட்வெயிட் ரிக் எனப்படும் சின்ன ராடு அமைப்புக்கு மட்டுமே இது பொருந்தும். பெரிய 19 மி.மீ. ராடு வைத்திருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம், அங்கே இடைவெளி 104.

என் லென்ஸில் டிரைபாட் கால் கூடவே வருகிறது. அதனால் கவையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூவைத்தான் பயன்படுத்துகிறேன். சொல்லப்போனால் அந்தக் கவை எனக்குப் பிடிக்கவே இல்லை. சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்ததில் அதன் ரப்பர் உரிந்து, பசை லென்ஸில் ஒட்டியது. வளையம் சுற்றும் இடத்தில் தெரியாமல் வைத்துவிட்டால் ஃபோகஸும் இறுகிவிடும்.

பெரிய குறை தண்டைப் பிடிக்கும் திருகு. பக்கவாட்டில் ஒரே ஒரு குமிழ், அதுவும் பிளாஸ்டிக். ஊர்வலத்தில் வேன் மேல் வைத்து எடுத்த அன்று அரை மணி நேரத்தில் தண்டு நழுவி இறங்கிவிட்டது. அப்புறம் தெரிந்த லேத் பட்டறையில் தண்டுக்கு மரை போட்டு, மேலும் கீழும் இரண்டு நட்டு வைத்துத் தரச் சொன்னேன். 450 ரூபாய் ஆனது. அன்றிலிருந்து உயரம் மாறவே இல்லை. நான் இப்போது வாங்கினால் மரை வழியாக உயரம் ஏறும் மாடலைத்தான் தேடி வாங்குவேன், ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சப்போர்ட் லென்ஸைத் தாங்க வேண்டும், தூக்கக் கூடாது. டிரைபாடில் கேமராவை வைத்து, தூரத்தில் ஒரு கம்பத்தின் உச்சி படத்தின் நடுக்கோட்டில் வரும்படி பிடியுங்கள். பிறகு சப்போர்டை மெதுவாக ஏற்றுங்கள். சாய்ந்திருந்த லென்ஸ் நிமிரும்போது அந்த உச்சி லேசாகக் கீழே இறங்கி நிற்கும். அங்கேயே நிறுத்தி இறுக்குங்கள். அதற்கு மேல் ஏற்றினால் மவுண்டை எதிர்ப்பக்கம் நெம்புகிறீர்கள். நான் முதல் வாரம் அப்படித்தான் அழுத்தி வைத்தேன். படத்தின் ஓரம் முன்பைவிட மோசமானது. ராடுகளும் தேவைக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது, முனைக்குப் போகப் போக வளையும்.

லென்ஸ் மாற்ற நேரம் பிடிக்கிறது என்பது உண்மை. ஸ்க்ரூவைக் கழற்றி, லென்ஸை எடுத்து, அடுத்ததைப் போட்டு, மறுபடி உயரம் பார்க்க 2 நிமிடமாவது ஆகும். ஆகவே முகூர்த்த நேரத்தில் நான் லென்ஸ் மாற்றுவதில்லை. அகலக் காட்சிக்கு உதவியாளர் கையில் இன்னொரு கேமரா இருக்கிறது. அரைக் கிலோ லென்ஸை நேரடியாக மாட்டுபவர்களுக்கு இது வீண் செலவு. ஒரு கிலோவைத் தாண்டி, நடுவில் அடாப்டரும், பக்கத்தில் ஃபாலோ ஃபோகஸும் இருந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.