இரைச்சலிடும் நீச்சல் குள பம்ப்: பேரிங்கை மாற்றுவதா, மோட்டாரையே மாற்றுவதா?

முதலில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். கூழாங்கற்கள் உருள்வது போன்ற கடகட ஓசை என்றால் மோட்டாரின் மீது பழி போட வேண்டாம். பம்புக்குப் போதிய தண்ணீர் வரவில்லை. வடிகூடையில் சேர்ந்த குப்பை, குளத்தின் நீர்மட்டம், மூடியின் ரப்பர் வளையம் ஆகியவற்றைக் கவனித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். காது கூசும் கீச்சொலி நாளுக்கு நாள் ஏறினால்தான் பேரிங் (மோட்டாரின் தண்டு சுழலத் தாங்கும் குண்டு வளையம்) தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பேரிங்கை மட்டும் மாற்றுவது செலவு குறைந்த வழி; பொறுமை கேட்கும் வழியும்கூட. புதிய பேரிங்கை ஷாஃப்டில், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டில், ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புதியதும் இரையத் தொடங்கும். ஷாஃப்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற அடைப்பையும் கையோடு மாற்றிவிடுங்கள். அதில் கசிந்த நீர்தான் பல நேரங்களில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. பழைய அடைப்பையே மறுபடி போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

புது மோட்டாருக்குச் செலவு அதிகம், வேலை சுலபம். வேகத்தை மாற்றக்கூடிய வகையை வாங்கினால், பாதி வேகத்தில் மின்தேவை ஏறத்தாழ 8இல் 1 பங்காகக் குறையும். இரைச்சலும் நன்றாகத் தணியும். அதே அளவு நீரைச் சுழற்றக் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டும், அவ்வளவே.

மோட்டாரின் கம்பிச் சுருள் நல்ல நிலையில் இருந்தால் பேரிங்கே போதும். கருகிய வாடை அடித்தாலோ, ஷாஃப்ட் அரித்திருந்தாலோ தயங்காமல் மோட்டாரை மாற்றுங்கள். எதைச் செய்தாலும், மெயின் சுவிட்சை அணைத்த பிறகே பம்பில் கை வையுங்கள்.